உள்ளே நுழைய இத்தனை வார்த்தைகளா?

போன வாரம் நான் ஒரு கதவை உடைத்தேன்.

நம்ப மாட்டீர்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் ‘சாரி’ சொல்லுவேன். அப்படிப்பட்டவள் உடைத்தேன். அடுத்த வீட்டுக் கதவை. அதுவும் குளியலறைக் கதவை. அதுவும் உள்ளே ஆள் இருக்கும்போது!

இதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். ஒன்றல்ல, ஏழெட்டுப் பெயர் தெரியும். அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

டெல்லி முனிர்காவில் எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. மகன் பிரபு, மருமகள் காயத்ரி, நான். படியேறி வந்தால் எதிர்க் கதவு விசாலாட்சி மேடத்துடையது. சென்ட்ரல் கவர்மென்ட்டில் பெரிய ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். கும்பகோணத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாள். வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் எனக்கு அவர் ‘மேடம்’. அவருக்கு நான் ‘பிரபு அம்மா’.

வாசல்தான் எதிரெதிர். பின்பக்கம் இரண்டு வீட்டுச் சமையலறை பால்கனிகளும் ஒட்டி இருக்கின்றன. நடுவில் அரைச் சுவர். குளியலறைத் தண்ணீர்க் குழாய்கள் ஒரே சந்தில் இறங்குகின்றன. அவர் வீட்டில் குழாய் திறந்தால் என் வீட்டில் கேட்கும். டெல்லியில் பக்கத்து வீட்டு மனிதர்களைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம்.

குளிர் ஆரம்பித்த சமயம் அது. பிரபு ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காய் வாங்கி வந்திருந்தான். நல்ல சதைப்பற்று. மேடத்துக்கு நாலு கொடுக்கலாமே என்று எடுத்துக்கொண்டு போனேன். வெளிப்பக்கத்துக் கம்பிவலைக் கதவு, இங்கே ஜாலிக் கதவு என்பார்கள், திறந்திருந்தது. உள்கதவும் ஒருக்களித்திருந்தது. ‘மேடம்’ என்றேன். என் குரல் எனக்கே கேட்காது, அவருக்கு எப்படிக் கேட்கும்? உள்ளே குளியலறைப் பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். போனேன்.

மேடம் ஒரு ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, உயரத்தில் இருக்கும் சின்ன ஜன்னலில் தெர்மகோலை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். தெர்மகோலுக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய பெட்ஷீட்டைச் சுருட்டித் திணித்திருந்தார். அதன் முனை கீழே தொங்கியது. எல்லாம் புறாவுக்காக! எங்கள் கட்டடத்தில் மனிதர்களைவிடப் புறாக்கள் அதிகம். ஜன்னல் வழியாக வந்து சோப்புப் பெட்டியில் முட்டை வைத்துவிட்டுப் போகும்.

“மேடம், ஸ்டூல் ஆடுதே... விழுந்துறப் போறீங்க.”

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“பிரபு அம்மா! நீங்க எப்படி உள்ள வந்தீங்க?”

“கதவு தொறந்து கெடந்துச்சி. அதான்...”

“தொறந்திருந்தா வந்துடறதா? ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? பாத்ரூம் வரைக்குமா வருவாங்க? திஸ் இஸ் இன்ட்ரூஷன்.”

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஃபைலில் கையெழுத்துப் போடுவதுபோலச் சொன்னார். முருங்கைக்காய் கையோடு திரும்பி வந்தேன்.

சாயங்காலம் காயத்ரி ஆபீஸிலிருந்து வந்ததும் மெதுவாகக் கேட்டேன். காயத்ரி டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. இந்தப் பத்தியையே நான் படித்துக் காட்டினால்தான் உண்டு.

“இன்ட்ரூஷன்னா என்னம்மா?”

“பர்மிஷன் இல்லாம உள்ள வரது. யாரு சொன்னா?”

“யாருமில்ல. டிவில.”

அவள் நம்பவில்லை. ஆனால் சொல்லிக்கொடுப்பதென்றால் அவளுக்குக் குஷி. ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

“சுனோம்மா. அடுத்தவங்க எடத்துல கால் வெச்சா ட்ரெஸ்பாஸ். பூட்டை உடைச்சு வந்தா பிரேக்-இன். பெல் அடிக்காம திடுதிப்புன்னு வந்தா பார்ஜ் இன். உங்க தம்பி வருவாரே, அந்த மாதிரி.”

“அவன் நம்ம வீட்டு ஆளு.”

“அதான் இன்னும் டேஞ்சர்! அப்புறம், பட்டாளம் வந்தா இன்வேஷன். இன்கம்டாக்ஸ்காரங்க வந்தா ரெய்டு. கொஞ்சம் கொஞ்சமா எடத்தைப் புடிச்சா என்க்ரோச்மென்ட். கீழ சோப்ரா அங்கிள் பூந்தொட்டி படிக்கட்டு வரைக்கும் வந்துடுச்சு பாருங்க, அது.”

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அழையாமல் வருகிற ஒவ்வொருவருக்கும் இங்கிலீஷ்காரர்கள் தனித்தனி நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்! ஊர் ஊராக நுழைந்தவர்கள் அல்லவா... அனுபவம் பேசுகிறது.

தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? அத்துமீறல், ஊடுருவல், ஆக்கிரமிப்பு என்று பேப்பரில் தினமும் படிக்கிறேன். ஆனால் அதெல்லாம் எங்கேயோ எல்லையில் நடக்கிற விஷயம். முருங்கைக்காயோடு நுழைந்தவளை அந்த வார்த்தையால் யாரும் திட்டியதில்லை.

அன்றிலிருந்து மேடம் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. படிக்கட்டில் பார்த்தால் ஒரு நமஸ்தே. அவரும் ஒரு நமஸ்தே. இருவருக்கும் தமிழ் தெரியும் என்பதே மறந்துபோன மாதிரி.

போன வாரத்துக்கு வருகிறேன்.

வெளியே ஒரே பனிமூட்டம். எதிர் பிளாக் இருக்கிற அடையாளமே இல்லை. பிரபுவும் காயத்ரியும் ஆபீஸ் போய்விட்டார்கள். நான் சமையலறையில் மேத்தி, அதாவது வெந்தயக்கீரை, ஆய்ந்துகொண்டிருந்தேன். குழாய்ச் சந்தில் தண்ணீர் சத்தம். மேடம் குளிக்கிறார். சரி.

ஒரு கட்டு மேத்தி முடிந்தது. தண்ணீர் இன்னும் ஓடுகிறது.

மேடம் அரை வாளித் தண்ணீரில் குளிக்கிறவர். டேங்க் காலியாகிவிடும் என்று எங்களுக்கே பாடம் எடுப்பவர். அவர் வீட்டில் குழாய் இவ்வளவு நேரம் ஓடி நான் கேட்டதே இல்லை. தலைக்கு ஊற்றிக்கொள்கிறாரோ? துணி அலசுகிறாரோ? அலசினால் சத்தம் விட்டு விட்டு வருமே... இது ஒரே சீராக ஓடியது.

பால்கனிக்கு வந்தேன். அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சிவப்பு சிலிண்டர். அதிலிருந்து ஒரு ரப்பர் டியூப் சுவர் ஓட்டை வழியாகக் குளியலறைக்குப் போகிறது. கேஸ் கீசர். குழாயைத் திறந்தால் தானே பற்றிக்கொள்ளும். மூடினால் அணைந்துவிடும். எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். உடனே காதில் அந்தக் குரல். ‘திஸ் இஸ் இன்ட்ரூஷன்.’

திரும்பி வந்து அடுத்த கட்டை எடுத்தேன். இலை எது, காம்பு எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

என்ன ஆகிவிடும், போய் பெல் அடித்தால்? ஈரத்தலையோடு கதவைத் திறந்து, ‘இப்ப என்ன?’ என்பார். நான் என்ன சொல்வேன்? ‘நீங்க குளிக்கிறதக் கேட்டுட்டிருந்தேன்’ என்றா? அதைவிட அசிங்கம் உண்டா? அதற்குக் காயத்ரியிடம் இன்னொரு வார்த்தை இருக்கும்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

போய் பெல் அடித்தேன். ஜாலிக் கதவில் பால் பாக்கெட் பை தொங்கியபடியே இருந்தது. மறுபடி அடித்தேன். அவர் சொன்ன மாதிரியே போன் பண்ணினேன். கதவுக்குப் பின்னால் ஹாலில் அவர் போன் அடிப்பது எனக்குக் கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது.

காயத்ரியைக் கூப்பிட்டேன்.

“அம்மா, மீட்டிங்ல இருக்கேன். ஜல்தி சொல்லுங்க.”

“விசாலாட்சி மேடம் பாத்ரூம்ல தண்ணி ஓடிட்டே இருக்கும்மா. கதவத் தொறக்க மாட்டேங்காக. போனும் எடுக்கல.”

“அவங்களுக்கு கேஸ் கீசர்தானே? ஜன்னல் இருக்கா அதுல?”

தெர்மகோல். பெட்ஷீட்.

“அடச்சு வச்சிருக்காகம்மா. புறாவுக்காக. நான் பாத்தேன்.”

காயத்ரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தம் போனில் கேட்டது. “அம்மா, மூடின ரூம்ல அது எரிஞ்சா ஒரு கேஸ் வரும். வாசனையே இருக்காது, ஆளை அப்படியே சாய்ச்சுடும். கதவை உடைக்கச் சொல்லுங்க. அபி! இப்பவே!”

இன்டர்காமில் கீழே வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். மோகன் பையா ஓடிவந்தான். அவன் ஓடுவதைப் பார்த்து, ரெசிடென்ட்ஸ் சங்கத்தில் செக்ரட்டரியாக இருக்கும் சோப்ரா ஜியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். பூந்தொட்டிக்காரர்தான். எனக்குத் தெரிந்த மார்க்கெட் இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் இந்தியில் சொன்னதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

“மாதாஜி, பொறுங்க. கதவை எப்படி உடைக்கிறது? அவங்க பெரிய ஆபீசரா இருந்தவங்க. சும்மா குளிச்சிட்டிருந்தாங்கன்னு வெச்சுக்கங்க... நாளைக்கு நம்ம மேலயே கேஸ் போடுவாங்க. ட்ரெஸ்பாஸ். பிரேக்-இன். நான் போலீஸுக்குப் போன் பண்றேன், அவங்க வந்து உடைக்கட்டும்.”

பண்ணவும் செய்தார். வருகிறோம் என்றார்களாம். இந்தப் பனியில் எப்போது?

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நானே மேத்தி ஆய்ந்தபடி எனக்குள் சொல்லிக்கொண்டதுதான். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும், அத்தனை இங்கிலீஷ் வார்த்தைகளும் நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மோகன் பையாவைப் பார்த்தேன். “என் பால்கனி வழியா தாண்டிப் போ. அவுக பால்கனிக் கதவுக் கண்ணாடிய ஒட.”

அவன் சோப்ரா ஜியைப் பார்த்தான். “மாதாஜி... நௌக்ரி சலீ ஜாயேகி.” வேலை போய்விடும் என்கிறான். அவனுக்கும் குடும்பம் இருக்கிறதே.

“மேரா நாம் லோ!” என்றேன். “என் பேரச் சொல்லு. நான்தான் ஒடைக்கச் சொன்னேன்னு சொல்லு. தோடோ! ஜல்தி தோடோ!”

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ... மேல் மாடியில் ஒரு கதவு திறந்தது.

மோகன் பையா அரைச் சுவரைத் தாண்டினான். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. வாசல் கதவு உள்ளேயிருந்து திறந்தது. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்த அவசரத்திலும் என் கால் வாசற்படியில் நின்றது. “மேடம், வரலாமா?” என்று கேட்டேன்! பதில் வந்தால் போதும், திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது. வரவில்லை.

குளியலறை வாசலில் ஆண்கள் இருவரும் நின்றுவிட்டார்கள்.

“அந்தர் லேடீஸ் ஹை,” என்றான் மோகன் பையா. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். குளிக்கிற பெண்ணின் கதவை ஆண்பிள்ளைகள் உடைப்பதா? அந்த நேரத்திலும் அந்த மரியாதை. தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போ யார்? நான்தான்.

பிளாஸ்டிக் கதவு. தோளால் இடித்தேன். அசையவில்லை. “விசாலம்!” என்று கத்தினேன். மேடம் எல்லாம் எங்கே போயிற்றோ! “விசாலம், ஏ விசாலம்!” உடம்பு மொத்தத்தையும் கதவில் போட்டேன். தாழ்ப்பாள் திருகாணியோடு பெயர்ந்து வந்தது. நானும் கதவோடு உள்ளே போய் விழுந்தேன்.

ஒரே ஆவி. வாளிப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். முகம் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. மயங்கிக் கிடக்கிறவருக்கு இந்த நிறம் ஏது? அதுதான் பயமாக இருந்தது. குழாயை மூடினேன். மேலே நெருப்பு ‘டப்’பென்று அணைந்தது. எனக்கே தலை சுற்றியது. தொங்கிக்கொண்டிருந்த பெட்ஷீட் முனையைப் பிடித்து இழுத்தேன். அது உருவிக்கொண்டு வந்தது. தெர்மகோலும் என் தலைமேல் விழுந்தது. பனிக்காற்று ‘சிலீர்’ என்று உள்ளே இறங்கியது. அதே பெட்ஷீட்டை அவர் மேல் சுற்றினேன்.

“பையா, ஆவோ!”

தூக்கிக்கொண்டுபோய் பால்கனியில் கிடத்தினார்கள். அதற்குள் மேல் மாடி குப்தா கையில் கிரிக்கெட் மட்டையோடு நிற்கிறார்! கண்ணாடிச் சத்தம் கேட்டு யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்களாம். ‘இன்ட்ரூடர் அலர்ட், தர்ட் ஃப்ளோர்.’ இன்ட்ரூடர் தலையில் தெர்மகோல் தூளோடு உட்கார்ந்து, விசாலத்தின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு இருந்தது. நூல் மாதிரி இருந்தது.

சோப்ரா ஜி காரை எடுத்தார். அத்தனை யோசித்த மனிதர், பனிமூட்டத்தில் ஹாரனை அமுக்கியபடி சிக்னல் எதற்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ஈர ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரர் ஒருவர் வந்தார். “தர்வாஸா கிஸ்னே தோடா?” கதவை உடைத்தது யார் என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். “மைனே,” நான்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பைட்டியே, மாதாஜி,” என்று என்னை உட்காரச் சொல்லிவிட்டு, டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். டீ வந்தது. குடிக்க முடியவில்லை. உள்ளே விசாலம் இன்னும் கண் திறக்கவில்லையே...

அந்த பெஞ்சில் இருந்தபோதுதான் காயத்ரி வந்தாள். அவளிடம் கேட்டேன். “நான் செஞ்சதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா பேரு?”

“பிரேக்-இன்தான்மா...” என்றவள் என் முகத்தைப் பார்த்து, “இல்ல இல்ல, ரெஸ்க்யூ. காப்பாத்தறது,” என்றாள்.

நல்ல வார்த்தைதான். ஆனால் அது எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கிற வார்த்தை. கதவுக்கு முன்னால் நிற்கும்போது அது நம் கையில் இல்லையே? விசாலம் சும்மா பாட்டுப் பாடிக் குளித்துக்கொண்டிருந்திருந்தால் நான் யார்? அவர் கண் திறக்காமலே போய்விட்டால் அப்போது நான் யார்? தோளால் இடிக்கிற நேரத்தில் எந்தப் பெயர் வந்து ஒட்டப்போகிறதென்று யாருக்குத் தெரியும்? தெரியாமலேதான் இடிக்க வேண்டியிருக்கிறது. உலகத்தில் பாதிப் பேர் வெளியிலேயே நின்றுவிடுவது இதனால்தானோ என்னவோ.

சாயங்காலம் நர்ஸ் கூப்பிட்டாள்.

ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள். திறந்திருந்தன! நான் பக்கத்தில் போனதும் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினார்.

“என் பாத்ரூம் கதவை யாரு உடைச்சது?”

“நான்தான் மேடம்.”

கண்ணை மூடித் திறந்தார்.

“ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல?”

“பண்ணேன் மேடம். நீங்கதான் எடுக்கல.”

மாஸ்க்கை மூடிக்கொண்டார். அதற்குள் ஒரு பெரிய மூச்சு மூட்டமாகப் படர்ந்தது. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து மாஸ்க்கை மறுபடி நகர்த்தி, “போயும் போயும் புறா ஜன்னல் பெட்ஷீட்டையா என் மேல போட்டீங்க? பீரோல புது ஷால் இருக்கு!” என்றார். சரி, பிழைத்துவிட்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த கீசரைக் கழற்றியாகிவிட்டது. சின்ன ஜன்னல் இப்போது திறந்தே இருக்கிறது. புறாக்கள் வருகின்றன, போகின்றன. மேடம் அவற்றை எந்த வார்த்தையாலும் திட்டுவதில்லை. உங்கள் வீட்டுக் குளியலறையில் இந்த மாதிரி கீசர் இருந்தால், ஜன்னலை அடைத்திருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு எழுந்துபோய்த் திறந்துவிடுங்கள். புறா வந்தால் வரட்டும்.

நேற்று முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, முதலில் போன் பண்ணிவிட்டு, வாசலில் போய் நின்று பெல்லும் அடித்தேன். பழக்கம் போகுமா?

உள்ளேயிருந்து குரல் வந்தது:

“அக்காவா? கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிட்டு வாங்க... உங்களுக்குத் தெரியாததா!”